இரும்புக் கறை

பட்டைக் குழிப் பக்கம் இரும்பு வரக்கூடாது. ஆம்பூர்த் தோல்ஷாப்புகளில் இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் ஒரு துருப்பிடித்த ஆணி விழுந்தால் போதும், அது பட்ட இடத்தில் தோல் மை கொட்டியதுபோலக் கறுத்துவிடும். கறுத்த தோல் சீமைக்குக் கப்பல் ஏறாது. அதனால் குழியில் இறங்குகிறவர்கள் அரைஞாணில் கட்டிய சாவி, மடியில் செருகிய கத்தி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். மேஸ்திரி ஹயாத் பாஷா காலையில் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவன் இடுப்பையும் கண்ணாலேயே தடவிப் பார்த்து உள்ளே விடுவார். ஒருமுறை புதிதாக வந்தவன் ஒருவன் தகர வாளியைக் குழிக்குள் விட்டுவிட்டான். "இன்னாடா, தோலுக்குத் திருஷ்டிப் பொட்டு வெக்கிறியா?" என்று கேட்டு அவனை அன்றைக்கே சுண்ணாம்புக் குழிக்கு மாற்றிவிட்டார்.

தானியேல் பதினாறு வருஷமாகப் பட்டைக் குழியில் இறங்குகிறவன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஊறிக் கனத்த தோல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரித்து, புரட்டிப் போடும் வேலை. தொடை வரைக்கும் அவன் கால் காப்பிக்கொட்டை நிறம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனாலும் கணுக்கால் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அவன் வேலைக்குக் கட்டுகிற வேட்டிகளுக்கும் அதே கதிதான். ஆற்றில் உவர்மண் போட்டு அடித்துத் துவைத்தால் நிறம் வெளுத்ததுபோலத் தெரியும். ஆனால் நூலுக்குள் பட்டைச்சாறு அப்படியே இருக்கும்.

ஷாப்பில் இரும்பு ஆகாது. வீட்டிலோ பிள்ளை பிறந்தால் இரும்பு இல்லாமல் ஆகாது. பாலாற்றங்கரையில் அவர்கள் குடியிருந்த சந்தில், பிறந்த பிள்ளைக்கு அடியில் மூன்று நாளைக்கு ஏதாவது ஓர் இரும்பு கிடக்கவேண்டும். காத்து கருப்பு அண்டாது. மாதா கோயில் சாமியாருக்குத் தெரிந்தால் பிரசங்கத்திலேயே வைத்து வாங்குவார். ஆனால் சாமியார் எத்தனை பிள்ளை பெற்றுப் பார்த்திருக்கிறார் என்று சவுரியம்மாள் கேட்பாள். 

சவுரியம்மாள் தானியேலின் அக்கா. அவனைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணமான மறுவருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு அடுத்த குடிசையில் வந்து ஒண்டியவள். தோல்ஷாப்பில் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிர் வழிக்கும் வேலை. இருபது வருஷச் சுண்ணாம்பு அவள் விரல் நுனிகளைத் தின்று மரக்கட்டையாக்கியிருந்தது. சூடு குளிர் தெரியாது. மூக்கும் எப்போதோ செத்துப்போனது. அந்த ஊரில் மூக்கு இருக்கிறவன் பிழைக்கவும் முடியாது. தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாத அவள் கையில்தான் அந்தச் சந்தின் பிள்ளைகள் பாதிக்கு மேல் விழுந்தன. மருத்துவச்சி என்று பெயர் போட்டுக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் வருவாள், ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், ஐப்பசி அடைமழையில் ஒரு வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில், தானியேலின் பெண்சாதி ஞானப்பூவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு. நடுவில் இரண்டு, மாதம் தங்காமல் கலைந்துபோயின. சவுரியம்மாள் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டி, அது கத்தியதும் தானும் சேர்ந்து கத்திவிட்டாள். பிறகு கண், காது, விரல், மலம் போகிற கீழ் வாசல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அகல் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது. தகப்பனின் பழைய வேட்டிதான் விசேஷம், மெத்தென்றும் இருக்கும். தானியேலின் வேட்டி ஒன்றை நான்காய்க் கிழித்து, ஒரு துண்டை விரித்து, அடியில் அவன் ஷாப்புக்குக் கொண்டுபோகாமல் ஆணியில் மாட்டிவைத்திருந்த பூட்டுச்சாவியைச் செருகிப் பிள்ளையைப் படுக்கப்போட்டாள். மறுநாள் விடிந்ததும், மழை இருட்டில், பிள்ளைக்கு அடியில் துணி கறுத்திருப்பதைப் பார்த்தாள்.

"காட்டுப்பீ போச்சுடா தம்பி. இனி பயம் இல்ல," என்று வாசலில் நின்றவனிடம் சொன்னாள்.

பிள்ளை முதன்முதலில் கழிக்கிற கறுப்பு மலத்துக்கு அந்தப் பக்கத்தில் காட்டுப்பீ என்று பெயர். அது போய்விட்டால் பிள்ளையின் குடல் திறந்துவிட்டது என்று கணக்கு. தானியேல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். குழியில் நின்றுகொண்டு அன்று பாட்டுக்கூடப் பாடினான் என்று பிற்பாடு மற்றவர்கள் சொன்னார்கள். அவனுக்கு அது ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை குடித்த பாலைக் கக்கியது. கக்குகிற பிள்ளைதான் தக்கும் என்று சவுரியம்மாள் சொன்னாள். சனிக்கிழமை காலையில் கக்கியது பச்சையாக இருந்தது. வயிறு பறை கட்டியதுபோல விறைத்துக்கொண்டு, மேல்தோலில் நரம்பு நீலமாகத் தெரிந்தது. பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் போட்டாள். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துக் கீழ் வாசலில் வைத்துப் பார்த்தாள். காம்பு கொஞ்சம் உள்ளே போய் நின்றது. பிள்ளை முக்கிற முக்கில் நிற்கிறது என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. "மொத நாளே போச்சே, இப்ப இன்னாத்துக்கு அடைச்சிக்கினு கெடக்குது," என்று அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கே பயம் வந்துவிட்டது என்று தானியேலுக்குத் தெரியும்.

அன்று குழியில் அவன் ஒரே தோலைத் திருப்பித் திருப்பிப் புரட்டுவதை ஹயாத் பாஷா பார்த்துவிட்டார். மேலே கூப்பிட்டு விசாரித்தார். திட்டப்போகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். கேட்டு முடித்ததும் அவர் தாடியை நீவிக்கொண்டார்.

"என் தங்கச்சி குர்ஷித்துக்கு மொதப் புள்ள இப்படித்தான்டா. வயிறு உப்பிச்சு. பச்சையா வாந்தி. நாங்க கஷாயம் குடுத்துனே இருந்தோம். அஞ்சாம் நாள் போய்ட்டான். அப்பறம் வேலூர் ஆஸ்பத்திரில கேட்டதுக்கு, மொதல்லயே தூக்கினு வந்திருக்கணும்னாங்க. நீ கஷாயம் குடுத்துனு உக்காராத. நாளைக்குக் காலைல ரயில் ஏறு. வேலைய நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நான்கு பேரும் ஏறினார்கள். ஞானப்பூவை அரிசிமூட்டைபோல அணைத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பிரசவமாகி மூன்றாம் நாள், காதில் பஞ்சு, இடுப்பில் இறுக்கிக் கட்டிய சேலை. சவுரியம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பிள்ளைத்துணி மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைக்கு அழக்கூட வலு இல்லை. வாயைத் திறக்கும், சத்தம் வராது. ஜன்னலுக்கு வெளியே பாலாற்றில் அதிசயமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் இருந்த சனங்களெல்லாம் எழுந்து எழுந்து அதைப் பார்த்தார்கள். தானியேல் பிள்ளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தான்.

காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்து வேலூர் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் மணி பத்து அடித்தது. டாக்டரம்மா தெற்கத்திப் பெண். ஒல்லி, மூக்குக்கண்ணாடி, குரல் மட்டும் தடிமன். பிள்ளையை மேசையில் கிடத்தி, வயிற்றைத் தட்டிப் பார்த்து, ஒரு மெல்லிய ரப்பர் குழாயை எண்ணெய் தடவிக் கீழ் வாசலில் நுழைத்தாள். குழாய் ஒரு விரற்கணு தூரம் போய் நின்றது. திருப்பினாள், வளைத்தாள், மறுபடி விட்டாள். மறுபடியும் அதே இடம்.

அதன் பிறகு அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். பிறந்ததிலிருந்து ஒரு தடவையாவது வெளிக்குப் போயிற்றா? சவுரியம்மாள் முந்திக்கொண்டு போனது என்றாள். யார் பார்த்தது? நான்தான், என் கண்ணால். எவ்வளவு? உள்ளங்கை அகலம். டாக்டரம்மா பிள்ளையின் பெற்றோரைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"இது ரொம்ப முக்கியம், கேட்டுக்கோங்க. ஒரு தடவை போயிருந்தா, உள்ள பாதை இருக்குன்னு அர்த்தம். பிசின் மாதிரி ஏதோ அடைச்சிருக்கு. வெந்நீர் விட்டுக் கழுவி ரெண்டு நாள் பார்க்கலாம், கத்தி வேண்டாம். போகவே இல்லைன்னா, வெளியில வாசல் இருக்கு, உள்ள சுவர் இருக்கு. அப்போ கழுவிக்கிட்டு இருந்தா பிள்ளை செத்துப்போகும். ஆபரேஷன்தான். இன்னைக்கே."

"போச்சு தாயி. இதோ பாருங்க," என்று சவுரியம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். தீட்டுத்துணியை ஐந்தாம் நாள்தான் ஆற்றில் போட்டுத் துவைப்பார்கள். அந்தத் துண்டு அப்படியே காய்ந்து சுருண்டு கிடந்தது. அவள் அதை ஒரு கோயில் பிரசாதத்தை எடுக்கிற பவ்வியத்தோடு எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா கறையைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். கறுப்பாகத்தான் இருந்தது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரப் பார்த்தது. "அப்போ கழுவிப் பார்க்கலாம்," என்று துணியைத் தானியேல் கையில் கொடுத்துவிட்டு, நர்சைக் கூப்பிடத் திரும்பினாள்.

அவன் அதை மடிக்கப் போனவன் நின்றுவிட்டான். ஜன்னல் வெளிச்சத்தில் கறை ஒரே மாதிரி இல்லை. நடுவில் ஒரு வளையம், அதிலிருந்து ஒரு தண்டு, தண்டின் முனையில் இரண்டு பல். அவன் வீட்டுச் சாவி. சுற்றிலும் நீலமும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. அவன் துணியை மூக்குக்குக் கொண்டுபோனான். ஆவாரம்பட்டை. பதினாறு வருஷமாகத் தன் உடம்பிலேயே இருந்ததால் தெரியாமல் போன வாசனை, அன்று அந்த மருந்து நாற்றத்துக்கு நடுவில் துலக்கமாகத் தெரிந்தது. பிள்ளை மூத்திரம் பெய்திருக்கிறது. வேட்டியில் இருந்த பட்டைச்சாறு நனைந்திருக்கிறது. அடியில் இரும்பு கிடந்திருக்கிறது. ஷாப்பில் அதைச் செய்தவனை ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பான்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். அறுபது எழுபது பிள்ளைகளை ஏந்திய கை. இந்த ஒன்றுக்காக ஏழு வருஷம் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவள். அவளுக்கு முன்னால் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருந்தால் பிள்ளைக்கு வெந்நீர்.  முதலில் பிள்ளை, பிறகுதான் மற்றது என்று ஒரு வழியாக முடிவுக்கு வந்தான்.

"அக்கா, ஞானப்பூ மயக்கமா கீறா. அவள வெளிய பெஞ்சில படுக்கவெச்சி, ஒரு சோடாவோ கஞ்சித்தண்ணியோ வாங்கிக் குடு," என்றான்.

இருவரும் வெளியே போனதும் அவன் டாக்டரம்மாவின் மேசைக்குக் கிட்டே போனான்.

"அம்மா, இது பீ இல்லீங்க."

"பின்னே?"

"இரும்புங்க. நான் பட்டைக் குழியில வேல செய்யறவன். இது என் வேட்டி. பட்டைத்தண்ணி பட்ட துணியில இரும்பு பட்டா இப்படித்தான் கறுக்கும். இதோ சாவி மாதிரி பதிஞ்சிருக்குது பாருங்க. என் புள்ள ஒரு தபா கூடப் போவல. அக்காவுக்குக் கண்ணும் கம்மி, மூக்கும் இல்ல. தெரியாம சொல்றாங்க." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "அவங்க கிட்ட இத சொல்லாதீங்கம்மா. உங்கள கையெடுத்துக் கும்பிடறேன்."

டாக்டரம்மா அந்தச் சாவி அடையாளத்தை நெடுநேரம் பார்த்தாள். படித்த படிப்பில் இது எங்கும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். நர்சைக் கூப்பிட்டு, வெந்நீர் வேண்டாம் என்றாள்.

உறுதி செய்துகொள்ள எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பிள்ளையைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும். வயிற்றில் இருக்கிற காற்று மேலே ஏறி எதுவரைக்கும் குடல் வந்திருக்கிறது என்று காட்டும். பிள்ளையைப் பிடித்தது தானியேல்தான். கீழ் வாசல் எங்கே என்று படத்தில் தெரிவதற்காக நர்ஸ் அங்கே ஒரு சின்ன ஈயத்துண்டை ஒட்டினாள். இவர்களும் பிள்ளைக்கு ஓர் உலோகத்தை வைக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. கணுக்கால் இரண்டும் அவன் இரண்டு விரலுக்குள் அடங்கின. ஊறின தோல்களைத் தூக்கித் தூக்கிக் காய்த்த கைக்கு அது கனமாகவே இல்லை.

படத்தில் ஈயத்துண்டுக்கும் காற்றுக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி. கீழேயிருந்து அறுத்து எட்ட முடியாத தூரம் என்றாள் டாக்டரம்மா. இடப்பக்கம் வயிற்றில் ஒரு துவாரம் போட்டுக் குடலை வெளியே வைத்துத் தைக்கவேண்டும், மலம் அந்த வழியாகப் போகும், பிள்ளை தேறி வளர்ந்தால் பிற்பாடு கீழே வழி செய்ய முயலலாம், தேறுமா என்பதை இப்போது சொல்ல முடியாது, பிள்ளை மிகவும் களைத்துவிட்டது என்று ஒளிக்காமல் சொன்னாள். கைநாட்டு வேண்டும் என்றாள்.

வெளியே பெஞ்சில் விஷயத்தைச் சொன்னதும் சவுரியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"வயித்துலயா? வயித்துலயா வழி வெப்பாங்க? தானி, உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? ஒரு தபா போன புள்ளைக்கு மறு தபா போவாதா? வழி இல்லன்னாதான்டா வழி வெக்கணும். இருக்கற வழிய உட்டுட்டு வயித்தக் கிழிப்பாங்களா?"

"டாக்டரம்மா சொல்றாங்கக்கா."

"அவளுக்கு இன்னா தெரியும்? என் கண்ணால பாத்தேன்னு சொல்றேன். கழுவிப் பாக்கலாம்னு மொதல்ல அவளே சொன்னாளா இல்லியா? நாங்க இந்தப் பக்கம் வந்ததும் நீ உள்ள இன்னா பேசின?"

 ஞானப்பூ படுத்தபடியே அவன் வேட்டி நுனியைப் பிடித்தாள். "அண்ணி சொல்றதுதாங்க எனக்கும் மனசுல படுது. வழி கீதுன்னு பாத்தவங்க சொல்றாங்களே. ரெண்டு நாள் கழுவிப் பாக்கச் சொல்லுங்க. வாணாங்க, புள்ள வயித்துல கத்தி வாணாம்," என்றாள். அவள் இதற்குமுன் அவனிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டதே இல்லை.

ஒரே ஒரு சொல்லில் இரண்டு பேர் வாயையும் அவன் அடைத்திருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்காவின் கை அப்போதும் காற்றில் உள்ளங்கை அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் விழுங்கிக்கொண்டான்.

"நான் அப்பன். நான் சொல்றேன், அறுக்கட்டும்," என்றான்.

உள்ளே போய்க் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தான். பட்டைச்சாறு ஏறிய விரலில் மை நிறமே தனியாகத் தெரியவில்லை. கத்தி வைப்பதற்குமுன் ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று சவுரியம்மாள் அடம்பிடித்து, ஒரு டம்ளர் தண்ணீரைத் தானே பிள்ளையின் தலையில் ஊற்றினாள். சவுரிமுத்து என்று தன் பெயரையே வைத்தாள். ஊற்றிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் போய், ஆஸ்பத்திரி வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் கட்டு. நர்ஸ் அந்தக் கட்டை விலக்கியபோது, அந்தப் புதுத் துவாரத்திலிருந்து கறுப்பாய், பச்சையோடிய கறுப்பாய், தார்போல ஒட்டிக்கொண்டு, நிறைய வந்தது. மூன்று நாளாக உள்ளே அடைந்து கிடந்ததெல்லாம் வந்தது. தானியேல் குனிந்து பார்த்தான். காட்டுப்பீ என்றால் இதுதான். அதற்கு நாற்றமே இல்லை. பிள்ளையின் சிரிப்பைப் பார்க்கும் முன்பே பிள்ளையின் மலத்தைப் பார்த்துச் சிரித்த தாய் ஞானப்பூவாகத்தான் இருப்பாள். இரவு பிள்ளை இரண்டு மடக்குப் பால் குடித்தது, கக்கவில்லை. மறுநாள் சத்தமாக அழுதது. வார்டில் இருந்த மற்றப் பெண்களெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். சவுரியம்மாளை உள்ளே வரச்சொல்லி ஞானப்பூ ஆளனுப்பினாள். அறுத்த வயிற்றை நான் பார்க்கமாட்டேன் என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கண்டது. புதன்கிழமை மத்தியானம், வார்டில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வருகிற நேரத்தில், சவுரிமுத்து ஞானப்பூவின் மடியில் போய்விட்டான். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையை எடுத்துப் பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்தாள். முதல் நாளே வந்திருந்தால் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காகத் தானியேல் அவளைச் சாகும்வரை மறக்கவில்லை. ஆனால் அவனுக்குள் அந்த வாக்கியத்தை ஹயாத் பாஷா குரலில் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

வேலூரிலேயே கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் அடக்கம் செய்தார்கள். திரும்பி வருகிறபோது ரயிலில் ஞானப்பூவுக்குப் பால் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, அவள் முந்தானையால் மூடி மூடி வந்தாள். துணிமூட்டை சவுரியம்மாளின் காலடியில் இருந்தது. அந்தக் கறைத்துண்டை மட்டும் உருவி ஆற்றில் எறிந்துவிடவேண்டும் என்று தானியேல் நினைத்திருந்தான். காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்கும் அவள் மூட்டையின் மேல் வைத்த காலை எடுக்கவில்லை. மறுநாள் தேடினான். பிள்ளைத்துணி எல்லாவற்றையும் அண்ணி ஆற்றுக்குக் கொண்டுபோயிருக்கிறாள் என்றாள் ஞானப்பூ. துவைத்து வந்தவற்றில் அந்தத் துண்டு இல்லை. ஆற்றோடு போயிருக்கும் என்று நிம்மதிப்பட்டுக்கொண்டான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் முதல் இரண்டு நாள் சவுரியம்மாள் ஒன்றையே சொன்னாள். "போன வழிய உட்டுட்டு வயித்தக் கிழிச்சான்." ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சந்தில் அது பாட்டாகிவிட்டது. வேலைக்குப் போகிற வழியில், குழாயடியில், கோயில் வாசலில், அவன் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல் நடந்துகொண்டே இருந்தது. ஹயாத் பாஷா மட்டும் ஒருநாள் குழியோரம் வந்து உட்கார்ந்து, நீ செஞ்சது தப்பில்லடா என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் முழுக்கதை தெரியாது. ஞானப்பூ ஒருநாள் நேராகவே கேட்டாள், ஏன் அறுக்கச் சொன்னீங்க என்று. டாக்டரம்மா சொன்னாங்க என்றான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சவுரியம்மாள் அந்த வாரத்திலிருந்தே அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு சுவர்தான் நடுவில். மீன்குழம்பு வைத்தால் கிண்ணத்தில் வரும், ஞானப்பூ கையில். அவன் எதிரில் வந்தால் அவள் தலைமுக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிப் போவாள். கொஞ்ச நாளில் இன்னொன்றும் அவன் கவனித்தான்: வயித்தக் கிழிச்சான் என்கிற பேச்சை அவள் விட்டுவிட்டாள். வேறு யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவாள். பிரசவத்துக்கு யார் கூப்பிட்டாலும் இடுப்புவலி என்று சொல்லி மறுத்தாள். கோபம் உள்ளே போய் உறைந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். அப்படியே இருக்கட்டும், கோபத்தோடு ஒருத்தி உயிர் வாழலாம், தன்னால்தான் என்கிற நினைப்போடு வாழ முடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஒன்றரை வருஷம் கழித்து, சித்திரை வெயிலில், ஞானப்பூவுக்கு மறுபடி வலி எடுத்தது. யாரும் கூப்பிடாமல் சவுரியம்மாள் வந்தாள். கையில் வெள்ளை மல்துணி, கோடித்துணி, கஞ்சி போகத் துவைத்து மடித்தது. பிறந்த பிள்ளைக்குப் புதுசு ஆகாதே என்று பக்கத்து வீட்டு முனியம்மா சொல்லப்போக, அவளைப் பார்த்த பார்வையில் முனியம்மா வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்குள் போனவள் முதல் காரியமாக ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். அரிவாள்மணை, அரிவாள், கதவோரம் கிடந்த லாடத்துண்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாரிக்கொண்டுவந்து தெருவில் போட்டாள். தானியேல் பார்த்துக்கொண்டே நின்றான். 

பெண் பிள்ளை. சாயங்காலம் பிறந்தது. மறுநாள் வேலைக்குப் போகாமல் அவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே அவளும் இடத்தைவிட்டு நகரவில்லை என்று தெரிந்தது. வெயில் கூரைமேல் ஏறி, கோழிகள் நிழலுக்கு ஒதுங்குகிற நேரத்தில், சவுரியம்மாள் வெளியே வந்தாள். கையில் அந்த வெள்ளைத்துணி, நான்காய் மடித்து. அவன் முன்னால் நின்று அதைத் திறந்து நீட்டினாள். வெள்ளையின் நடுவில் கறுப்பாய், பச்சையோடிப் பளபளத்தது.

"மோந்து பாருடா," என்றாள். ஒன்றரை வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரில மோந்தியே. புள்ளைக்குச் சிலுவ போட்டுனே ஓரக்கண்ணால பாத்தேன். துணிய மூக்குல வெச்சிக்கினு நின்ன. எதுக்குன்னு அப்ப தெரியல. அப்பறம் ஆத்துக்கு எடுத்தும்போய்த் துவைச்சேன். மூணு நாள் துவைச்சேன்டா. உவர்மண் போட்டேன், சாம்பல் போட்டேன், கல்லுல அடிச்சேன். போவல. புள்ள பீயா இருந்தா ஒரு அலசுல போயிருக்கும். அந்தச் சாவி அப்படியே பல்லக் காட்டினு கெடந்துச்சு." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "என் மூக்கு செத்துப்போச்சு, என் கண்ண நான் நம்ப மாட்டேன். நீ மோந்து சொல்லு."

அவன் குனிந்து முகர்ந்தான். வெயில் காய்ந்த துணி வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

"இது அது இல்லக்கா. போயிருக்குது. நெசமாவே போயிருக்குது."

அவள் தலையை ஆட்டினாள். துணியை மடித்தாள். உள்ளே திரும்பப் போனவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? ஊரே உன்னக் காறித் துப்புச்சே. நானே துப்பினேனே."

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

"இன்னா பண்ணியிருப்பேன். அழுதிருப்பேன்," என்றாள் சவுரியம்மாள். "உன் மடியில உழுந்து அன்னிக்கே அழுதிருப்பேன்டா."

உள்ளே பிள்ளை பசிக்கு அழ ஆரம்பித்தது. அவள் அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து, வெள்ளைத்துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒன்றரை வருஷத்து அழுகையை அழுதாள். தானியேல் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பழுப்பேறிய கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டிருந்தான்.